தட்டுப் படம்

"தட்டு எங்கப்பா?"

"வருது டீச்சர், வருது. இப்பதான் உக்காந்தேன்."

"மணி ஒன்றரை ஆச்சு. படம் எடுத்து அனுப்பிட்டுத்தானே கை வைக்கணும்?"

"கையே வைக்கல. சாட்சிக்கு உங்கம்மா நிக்கிறா. ரெண்டு முட்டை, கீரை, வெள்ளரிக்காய், ஒரு துண்டு வெண்ணெய். இப்படியே இன்னும் ரெண்டு மாசம் போனா நான் கொக்கரிக்க ஆரம்பிச்சிடுவேன். அப்புறம் நீ படமே கேக்க வேணாம், சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம்."

"ஜோக்கெல்லாம் அப்புறம். சுகர் எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

"பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் இவ்வளவு தொண்டை கிழியக் கத்துறது."

மறுமுனையில் தட்டை நகர்த்தும் ஓசை கேட்டது.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"..."

"அப்பா, எனக்கு ரெண்டு கட்டு விடைத்தாள் பாக்கி இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க. பாதாமா? பாதாம்னா பத்துக்கு மேல கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

"பாதாம் இல்லம்மா." அவர் சிரித்தார். "நேர்ல வரும்போது கேக்கறேன். நீ போய்த் திருத்து."

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஒரு பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த அப்பா, தையல் மெஷின்மேல் தலையைச் சாய்த்தார். அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி, பாவம், அலுப்பில் கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்து, எழுப்ப மனம் வராமல் பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம்.

இன்று புதன்கிழமை. மகள் அப்பாவின் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்குள் துணி கொண்டுவந்து கொடுத்தால் உடலுக்கு உடுத்தியே அனுப்பிவிடுவதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

"நல்லதாப் பாத்து எடும்மா," என்று வாசலிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். முப்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். எதையும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். "ஊருக்கெல்லாம் தைச்சுப் போட்டவன். கசங்கின சட்டையில அனுப்பினா என்னை எந்திரிச்சு வந்து திட்டுவான்."

அவள் பழுப்பு நிறக் கால்சட்டையை எடுத்தாள். அவள் பட்டம் வாங்கிய நாளில் போட்டுக்கொள்வதற்காக அப்பா தனக்குத்தானே தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லா நல்ல காரியத்துக்கும் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவள்தான் எங்கெங்கோ படித்து, டாக்டரிடமும் கேட்டு, இந்த உணவு முறையைக் கொண்டுவந்தாள். சோறு இல்லை, ரொட்டி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, சர்க்கரை சுத்தமாக இல்லை. முட்டை, கோழி, மீன், கீரை, வெண்ணெய். கீட்டோ என்று பெயர் சொன்னபோது, "யாரு, உங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்த டீச்சரா?" என்று கேட்டார். ஆனால் சொன்னதைச் செய்தார். ஆறு மாதத்தில் சர்க்கரை நூற்றிருபதுக்கு இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஒருநாள் அவரே ஊசியில் நூல் கோத்துவிட்டு, கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னார். இந்தக் கால்சட்டையைத்தான் இடுப்பில் பிடித்துத் தைத்து, பக்கத்தில் இன்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். "டீச்சர், நாலு இன்ச் காணாமப் போச்சு. கண்டுபிடிச்சுக் குடுக்கறவங்களுக்குச் சன்மானம் உண்டு."

இஸ்திரி போடுவதற்காக அதை உள்பக்கம் புரட்டினாள். பின் இடுப்பில் அவள் கை நின்றது.

துணியில் இரண்டு வரிசை ஊசித்துளைகள் தெரிந்தன. ஒன்று, நாலு இன்ச் பிடித்துத் தைத்த இடம். அங்கே நூல் இல்லை. துளைகள் மட்டும் இருந்தன. அதற்கு வெளியே, முதன்முதலில் தைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே, புதிய தையல் ஓடியது. பழுப்புத் துணியில் கறுப்பு நூல். நூலின் நிறம் ஒத்துப்போகவில்லையென்றால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறவர் அவசரத்தில் கையில் கிடைத்த நூலில் ஓட்டியிருந்தார். தையல்காரர் மகளுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்ததைப் பிரித்து விட்டிருக்கிறார்.

ஆனால் எடை அறுபத்தெட்டிலேயே நிற்கிறது என்று போன மாதம்கூடச் சொன்னாரே?

நேற்று மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தில், ஆம்புலன்சில் பார்த்த சர்க்கரை என்று ஓர் எண் இருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு. டாக்டரிடம் அதை நீட்டி, இது தப்பாக இருக்கிறது என்றாள். "இதயம் நிக்கிற நேரத்துல உடம்பு பதறும்மா. சர்க்கரை ஏறலாம். இதை வச்சு இதனாலதான்னு எதையும் சொல்ல முடியாது," என்றார் அவர். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கால்சட்டையைத் திருப்பி, கோடு பிடித்து இஸ்திரி போட்டாள்.

"அப்படியே ஒரு படம் குடும்மா," என்று சித்தப்பா உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. "பேப்பர்ல போடணும். எங்கிட்ட இருக்கறதெல்லாம் பழசு, மீசை கறுப்பா இருக்கான். பாத்தா எனக்குத் தம்பிம்பாங்க."

"என் ஃபோன்ல இருக்கும் சித்தப்பா."

"இல்லாமலா? தினம் மூணு தடவை படம் அனுப்பறான், தெருவுக்கே தெரியும்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டே போனாள். முட்டை, கீரை. கோழி, கீரை. முட்டை, வெள்ளரிக்காய். மீன், காலிஃப்ளவர். விளிம்பில் ஒரு இடத்தில் நசுங்கிய அதே எவர்சில்வர் தட்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவளுடைய பதில். கட்டைவிரல் குறி. சரி. வெண்ணெய் குறைவு. இது என்ன, கேரட்டா? கேரட் வேண்டாம். சுகர் அனுப்புங்க. சரி.

இரண்டு வருடம் பின்னால் போய்விட்டாள். அப்பாவின் முகம் ஒன்றுகூட இல்லை.

குளிக்கும்போது மட்டும்தான் அப்பா கழுத்திலிருந்து இன்ச் டேப்பைக் கழற்றுவார். தட்டின்மேல் குனிந்து படம் எடுக்கும்போது அதன் நுனி சட்டத்துக்குள் தொங்கும். முதல் வருடப் படங்களில் அந்த மஞ்சள் நுனி திரும்பத் திரும்ப வந்தது. அதுதான் அப்பா என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு, போன குளிர்காலத்திலிருந்து, அதுவும் இல்லை.

"கெடைச்சுதா?"

"நல்லதா இல்ல சித்தப்பா. நீங்க மீசை கறுப்பா இருக்கறதையே குடுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். கால்சட்டையையும் சட்டையையும் வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்குச் சடங்கெல்லாம் முடிந்தது. வேனில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் இடது கையை எடுத்து அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிற கை. ஒவ்வொரு பட்டன் ஓட்டையையும் சுற்றி நெருக்கமாக நூல் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும்.

அவள் அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே வந்தாள். நடுவிரலின் பக்கவாட்டில் என்னவோ நெருடியது. திருப்பிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், வரிசையாக. மோதிர விரலிலும் அப்படித்தான். நுனியில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பக்கவாட்டில்.

தையல் ஊசி பக்கவாட்டில் குத்தாது.

'நுனியில குத்தாதீங்கப்பா. நுனியிலதான் வலி தெரியும். நகத்துக்குப் பக்கத்துல, ஓரமா வச்சு அமுக்குங்க.' விரலில் குத்துகிற பேனாவையும் சர்க்கரை பார்க்கிற மெஷினையும் வாங்கிக்கொண்டு வந்து, சமையலறை மேசையில் உட்காரவைத்து, அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை கிடையாது.

அம்மா கையை மெதுவாக இழுத்து, புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் இருக்கையிலிருந்த சித்தப்பா, பழக்கதோஷத்தில், இல்லாத பிரேக்கை மிதித்தார்.

வந்தவர்கள் இரண்டு மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கச் சித்தப்பா போயிருந்தார். யாரோ கொண்டுவந்து வைத்த சோறும் குழம்பும் ரொட்டியும் சமையலறை மேசைமேல் மூடியபடி இருந்தன. அம்மா பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

அவள் போய்க் குழாயை மூடினாள்.

"எத்தனை நாளாம்மா?"

அம்மா எதை என்று கேட்கவில்லை. "குளிர் ஆரம்பிச்சப்போ."

"எட்டு மாசம்."

"நீதான் கணக்கு டீச்சர்."

"மெஷின்ல வந்த நம்பரெல்லாம்..."

"என்னோடதுதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே ஓரமாத்தான் குத்தினேன். வலியெல்லாம் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல் வருஷம் பொய் இல்லடி. அதை மட்டும் தப்பா நெனச்சுடாதே. ஒரு வாய்கூட மாறல அவரு. அப்புறம் ஒரு நாள், யாரோ கல்யாணத் துணி தைச்சு வாங்கிட்டுப் போனவங்க கேக் குடுத்தாங்க. சாப்பிட்டுட்டாரு. அதோட விடாம ரெண்டு பன்னும் வாங்கிச் சாப்பிட்டிருக்காரு. அன்னிக்கு இருநூத்தி நாப்பத்தாறு வந்தது. மறைக்கல, உங்கிட்ட உள்ளதைச் சொன்னாரு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பள்ளியின் மாடிப்படியில் நின்று முக்கால் மணி நேரம் பேசினாள். கத்தினாள், பிறகு அழுதாள். 'உங்களுக்கு என் மேல அக்கறையே இல்ல. நீங்க போயிட்டா நான் யாரைப்பா கூப்பிடுவேன்?' என்றெல்லாம் சொன்னாள்.

"அவரு அந்த முக்கால் மணி நேரமும் உக்காரவே இல்ல," என்றாள் அம்மா. "இதோ, இந்தச் சுவரோரமா நின்னுக்கிட்டே, சரிம்மா, தப்புதாம்மா, இனிமே இல்லம்மான்னு. பெஞ்சு மேல ஏத்திவிட்ட பையன் மாதிரி. எனக்குப் பாக்க முடியல. மறுநாள் காலையில மெஷினை எடுத்தாரு, குத்திக்காம வச்சுட்டாரு. அவ அழுவாளேங்கறாரு. நான் என் விரலை நீட்டிட்டேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"தொண்ணூத்திமூணு வந்தது. அதைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. உன் ரத்தம் என்னோடதைவிட நல்லாப் படிக்குதுடின்னாரு." அம்மாவின் உதடு கோணியது. "ஒரு நாளைக்குன்னுதான் பண்ணினோம். நீ அன்னிக்கு ரொம்பச் சந்தோஷப்பட்டே. அப்பா, நீங்க கிரேட்டுன்னே. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"தட்டு?"

"அதுவும் எனக்குன்னு வச்சதுதான். நானே படம் எடுத்து அவரு ஃபோன்லேர்ந்து அனுப்புவேன். வீணாக்க முடியுமா, நானே சாப்பிட்டுடுவேன்."

"உனக்கு முட்டை பிடிக்காதேம்மா."

"எப்பப் பிடிச்சுது?" என்றாள் அம்மா.

கோடை விடுமுறையில் டாக்டரைப் பார்க்கப் போனது அவளுக்கு நினைவு வந்தது. எண்களையெல்லாம் கோடாக வரைந்து, ஃபோனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டிய கோடு. மேடு பள்ளமே இல்லாமல், காற்றில்லாத நாளில் ஏரித் தண்ணீர்போல. டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கே. எதுக்கும் மூணு மாசச் சராசரி காட்டுற ரத்தப் பரிசோதனை ஒண்ணு எடுத்துடலாம்," என்றார். அப்பா அப்போது அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவள் முந்திக்கொண்டாள். "தினம் ரெண்டு தடவை பாக்கறோமே டாக்டர். அதைவிடவா? அடுத்த தடவை எடுத்துக்கலாம்." மாத்திரை இன்னும் பாதியாகக் குறைந்தது. வெளியே வந்து அவள் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத் தட்டுவதுபோல.

அவர் அன்றைக்கு வழி முழுவதும் பேசாமல் வந்தார். அவள் அதை அலுப்பு என்று நினைத்தாள்.

"மாத்திரையைக் குறைச்சதும் பயந்துட்டோம்," என்றாள் அம்மா, அவள் மனதுக்குள் ஓடியதைக் கேட்டவள்போல. "பழைய மாத்திரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கலந்து போட்டுக்கிட்டாரு. அது தீந்ததும், அவகிட்டச் சொல்லிடலாம்னு சொன்னேன். ஃபோன்ல வேணாம், நேர்ல வரட்டும்னாரு. நீ போன மாசம் வரேன்னே."

"பரீட்சை வந்துடுச்சு."

"ஆமா. பரீட்சை."

தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்றார்கள். நாலைந்து தடவை இருமிவிட்டு அது ஓடியது.

அம்மா மேசைமேல் இருந்தவற்றைத் திறந்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். நசுங்கிய விளிம்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதில் சோறு போட்டாள். நிறையப் போட்டாள். கரண்டியை வைத்துவிட்டு, உடனே தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவள் வகுப்பில் பார்த்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரும் பிள்ளைகளிடம்.

தன் கண் அம்மாவின் தட்டில் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சோறு ஒன்றரைக் கப் இருக்கும் என்று மனம் தானாகவே அளந்துவிட்டிருந்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கையிலிருந்த ஃபோனை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை அப்பா எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னார்," என்றாள். "நேர்ல கேக்கறேன்னார். இதைச் சொல்லத்தானா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். "இதை நான் சொல்றேன்னு ஒத்துக்கிட்டிருந்தேன். அவரு கேக்க நெனச்சது வேற."

"என்ன?"

"விடு. இனிமே என்ன இருக்கு."

"சொல்லும்மா."

அம்மா சோற்றைப் பிசையாமல் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "நீ எப்ப வந்தாலும் பஸ் ஸ்டாண்டுலயே சாப்பிட்டுட்டு வந்துடுவே."

"அவர் முன்னாடி எப்படிம்மா நான் சோறு சாப்பிடறது? அவருக்கு ஆசை வந்துடாதா?"

"அதான் நெனச்சேன். அவருக்கும் புரிஞ்சுது. ஆனா நீ வந்து எதுக்கால நின்னுக்கிட்டு, அவரு தட்டுல எத்தனை பாதாம்னு எண்ணுவே. தராசு ஒண்ணு வாங்கிட்டு வந்தே, வெண்ணெய் நிறுக்கறதுக்கு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிப்பே. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சும்பே."

அவள் எதிரே காலியாக இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றுப் பாத்திரத்தின் மூடியை எடுத்தாள். கரண்டி பாத்திரத்தில் இரண்டு தடவை இடித்தது. போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றினாள். அப்பா உட்காரும் நாற்காலி சுவரோரமாக இருந்தது. அதன் முதுகில் மஞ்சள் இன்ச் டேப் தொங்கியது. கடையிலிருந்து அவரைத் தூக்கிப் போகும்போது யாரோ கழுத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தது.

"சாப்பிடும்மா," என்றாள்.

அம்மா அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். நாலைந்து முறை ஒத்திகை பார்த்த ஒன்றை இன்னொருவருக்காகச் சொல்கிறவள்போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவ வந்தா கேக்கப்போறேன்னு சொன்னாரு... ஒரே ஒரு வேளை எங்கூட உக்காந்து சாப்பிடறியாம்மா? முட்டையோ கீரையோ, நீ போடறதையே நான் சாப்பிடறேன். தட்டை மட்டும் பாக்காம, என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு."